இல்லாத இழையை வரைந்தவன்

மைக்ராஸ்கோப்பின் மேல் ஒரு சின்னக் கண்ணாடிக் கட்டியை மாட்டிவிட்டால், கீழே இருக்கும் செல்லும் பக்கத்தில் விரித்த காகிதமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். என் பென்சில் முனை செல்லுக்குள்ளேயே நகர்வதை நான் பார்ப்பேன். கலங்கிய குளத்தில் குச்சியை விட்டுத் துழாவுவதுபோல இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூரில் ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் படம் வரைகிறவனாக இருந்தேன். பாதி நாள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோகும். யாராவது கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழும்.

அதற்கு முன் ஆறு வருஷம் பஞ்சாலையில் இருந்தேன். நூற்கிற மிஷின் வரிசையில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்காவது இழை அறுந்தால் நுனியைப் பிடித்து உருளைக்கு அருகே காட்ட வேண்டும். வருகிற பஞ்சோடு அது தானாக முறுக்கிக்கொள்ளும். அறுந்த இழை ஒன்று தொங்கினால்கூட மேஸ்திரி ஊரையே கூட்டிவிடுவார். தூசியில் இருமல் பிடித்து, டாக்டர் மில்லே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எப்போதோ டிராயிங் லோயர் பரீட்சை பாஸ் செய்திருந்தது கைகொடுத்தது. பண்ணையில் என்னை எடுத்த ஆபீசர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

அவர் கரும்பையும் சோளத்தையும் கலந்து ஒரு செடி உண்டாக்கியிருந்தார். அது வம்சம் விளங்குகிற செடியா, மலடா என்பதுதான் அவருடைய கவலை. அதற்கான பதில் பூவின் செல்லுக்குள் இருந்தது. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் குரோமோசோம்கள் நடுவில் கூடி நிற்கும். இரண்டு முனைகளிலிருந்தும் மெல்லிய இழைகள் வந்து, ஒவ்வொன்றையும் அதன் உடம்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழுத்துக்கொள்ளும். இழை பிடித்தது வீடு போய்ச் சேரும். பிடிக்காதது நடுவழியில் நின்று எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லாமல் போகும். அப்படி விட்டுப்போனால் மகரந்தம் பொக்கு, விதை கிடையாது.

இப்போது பள்ளிப் புத்தகத்திலேயே அதைக் கதிர்கோல் இழை என்று எழுதி, அது நுண்ணிய குழல்களால் ஆனது என்றும் போட்டுவிட்டார்கள். அன்று அப்படி இல்லை. அந்த இழையே உண்டா என்று வெளிநாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஐப்பசியில் கரும்பு பூத்துவிட்டால் பண்ணை முழுக்க வெள்ளையாக அசையும். ஜன்னலோர மேஜையில் நான் உட்கார்ந்திருப்பேன். மைக்ராஸ்கோப்புக்குச் சூரியன்தான் விளக்கு. மேகம் கடக்கும்போதெல்லாம் செல் இருண்டு, மெதுவாக மறுபடி வெளுக்கும். ஊதாச் சாயம் ஏறிய குரோமோசோம்கள் அந்த வெளிச்சத்தில் மூச்சு விடுவதுபோல எனக்குத் தோன்றும். அவை செத்து நாளாகிவிட்டது என்று தெரியும், தெரிந்தும் தோன்றும். அந்த மேஜையில் நான் சந்தோஷமாக இருந்தேன். மில்லில் நான் அப்படி ஒரு நாள்கூட இருந்ததில்லை.

அந்த வருஷம் ஆபீசர் தன் செடியைப் பற்றிய கட்டுரையை எழுதி முடித்திருந்தார். என் கடைசிப் படத்தை மசியில் இழுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, ஒண்ணுகூட விட்டுப்போகலீங்க. எல்லாத்தையும் நூலு புடிச்சிருக்குதுங்க" என்றார். "இந்த நூலெல்லாம் செல்ல மருந்து ஊத்திக் கொன்னதுக்கப்பறம் தெரியற மாயம்னு சீமையில எழுதறாங்க. உங்க படத்தைப் பாத்தாவது வாய மூடட்டுமுங்க. நாளைக்குத் தபால்ல போட்டுடறேன். இந்தச் செடியத் தாயா வெச்சு ஒரு வயலே நடலாமுங்க."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே இன்னொரு தடவை ரசிக்கலாம் என்று, அவர் படத்தை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனதும், அந்தச் செல் இருந்த கண்ணாடித் தகட்டை எடுத்து, லென்ஸுக்கடியில் எண்ணெய்த் துளி விட்டுப் பார்த்தேன். அதே செல். இடது பக்கம் கீழே ஒரு குரோமோசோம் கூட்டத்தை விட்டு விலகிக் கிடந்தது. அதற்கு இழை இல்லை. லென்ஸைத் துடைத்தேன். மேகம் விலகட்டும் என்று காத்திருந்தேன். விலகியது. இழை இல்லை. படத்தில் இருந்தது, மற்ற எல்லாக் கோட்டையும்விட அழகாக இருந்தது.

அதை எப்போது வரைந்தேன் என்பது எனக்கு நினைவே இல்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்கு மில் பழக்கம். தனியாகத் தொங்கியதைப் பார்த்ததும் கை தானாகப் போய் இணைத்துவிட்டிருக்கிறது.

என்மேலேயே ஆத்திரம் வந்தது. கூடவே புத்தி வேறு பேசியது: மயிரிழைக் கனத்தில் ஒரே ஒரு கோடு, கடல் கடந்து போகிற படத்தில் அதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் அந்த ஒரு கோட்டின்மேல் ஒரு வயலையே நடப் போகிறார் மனுஷன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றாலும் சாப்பிடப் போகிறவர் அவர். மத்தியானமே படத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"சார், இந்த நூலு செல்லுல இல்லீங்க. நானா இழுத்துப்போட்டேனுங்க."

அவர் எழுந்து என் மேஜைக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். திருகை ஏற்றினார், இறக்கினார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. மேஸ்திரி மாதிரி நாலு வார்த்தை கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"ஆமாங்கண்ணா, இல்லீங்க" என்றார்.

பிறகு அலமாரியிலிருந்து இரண்டு வருஷமாக நான் வரைந்த படங்களைக் கட்டோடு கொண்டுவந்து வைத்தார். எல்லாம் அதே செடியின் செல்கள். அவற்றின் கண்ணாடித் தகடுகளை வைத்துச் சரிபார்க்கவும் வழியில்லை. நம் ஊர்ச் சூட்டுக்கு ஊதாச் சாயம் ஆறு மாதம்கூட நிற்காது. எல்லாம் வெளுத்துத் தண்ணீர்போல ஆகியிருந்தன. மிச்சம் இருந்தது என் படங்கள் மட்டும்.

"இதுல எத்தன நூலு செல்லுல இருந்துதுங்க? எத்தன நூலு நீங்க கட்டுனதுங்க?"

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாக் கோடும் ஒரே கனம், ஒரே அழகு. மேகம் இரண்டு முறை வந்து போயிற்று.

"தெரியலீங்க சார்."

அவர் படங்களை அடுக்கி, தட்டி, மறுபடி நாடாவால் கட்டினார். தபாலுக்கு விலாசம் எழுதி வைத்திருந்த உறையிலிருந்து கட்டுரையை வெளியே எடுத்தார்.

"இந்தப் படத்தைய நம்பித்தானுங்கண்ணா ரெண்டு வருசமாச் சந்தோசமா இருந்தேன்" என்றார்.