மணவாளன் ஓடிய பந்தயமும் பட்டம்மாள் வைத்த மீன் குழம்பும்

அண்ணாமலை நகரில் மணவாளன் தொடங்காத காரியம் என்று ஒன்று கிடையாது. முடித்த காரியத்தைத்தான் விளக்கு வைத்துத் தேட வேண்டும். தபால் வழி எம்.ஏ.வில் கடைசித் தாள்கள் எழுதப்படாமல் கிடந்தன. டைப்ரைட்டிங்கில் லோயரோடு சரி. மாடி கட்டுகிறேன் என்று தூண் எழுப்பினான். அந்தக் கம்பிகளில் இப்போது காக்கைகள் குடும்பம் நடத்துகின்றன. ஆபீசில் ஃபைல் ஏதாவது நகராமல் நின்றால், "மணவாளன் சார் டேபிள்ல பாருங்க" என்று பியூன்கூட சொல்லுமளவுக்குப் பெயர் பரவியிருந்தது.

இப்படிப்பட்டவன் 2010-இல், நாற்பத்திரண்டு வயதில், ட்ரையத்லானுக்குப் பெயர் கொடுத்தான். கிள்ளைப் பக்கத்து உப்பங்கழியில் நீந்த வேண்டும், வரப்பிலும் சவுக்குத் தோப்பு மணலிலும் சைக்கிள் மிதிக்க வேண்டும், கடைசியில் கடற்கரையில் ஓட வேண்டும். தார் ரோடு கண்ணில் படாத பந்தயம்.

"ஒண்ண முடிக்கவே உங்களுக்கு ஆவாது. மூணு ஒண்ணா சேர்ந்ததுல எதுக்குப் பேர் குடுத்தீங்க?" என்றாள் மனைவி சத்யப்பிரியா.

"இத முடிச்சிட்டா எல்லாத்தயும் முடிச்சிடுவேன்."

ஜெயிக்கும் ஆசை அவனுக்கு இல்லை. கடைசி ஆளாக வந்தாலும் போதும், எல்லைக் கோட்டைத் தொட்டுவிட வேண்டும். ஆறு மாதம் எண்ணெய்ப் பலகாரம் தொடவில்லை. விடியற்காலையில் ஓடினால், எதிரே வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "என்னா சார், பஸ்ஸ உட்டுட்டீங்களா, ஏறுங்க" என்பார்கள். பால்காரர் ஒருவர் அவனை வலுக்கட்டாயமாக ஏற்றிக்கொண்டு போய் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். அன்றைய ஓட்டமும் பாதிதான்.

பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உப்பங்கழியை அவன் நீந்திக் கடந்தபோது மீன்களே ஒதுங்கி வழிவிட்டன என்று சொல்வார்கள். அவ்வளவு மெதுவாக வந்தானாம். சைக்கிளில் ஏறும்போது முன்னால் போன காலேஜ் பையன்கள் கண்ணுக்கே தெரியவில்லை. வழி எந்தத் தெருவுக்குள் புகுந்து போகிறது என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். அக்கா பட்டம்மாள் வாழ்க்கைப்பட்ட தெரு.

அந்தத் தெருவில் அவன் கால் வைத்து ஆறு வருஷம். அக்கா மகள் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் செய்யப் போனவன் பாதித் தட்டோடு போனான். மீதி அப்புறம் வரும் என்றான். அப்புறம் வரவே இல்லை. அதிலிருந்து போக்குவரத்து நின்றுபோனது.

தலையைக் குனிந்து விர்ரென்று போய்விடலாம் என்று மிதித்தான். மணலில் சிக்கிச் செயின் கழன்று விழுந்தது, சரியாக அக்கா வாசலில்.

பட்டம்மாள் எட்டிப் பார்த்தாள். ஆறு வருஷமாக வராத தம்பி, தலை முதல் கால் வரை நனைந்து, சைக்கிளோடு வாசலில் நிற்கிறான்.

"உள்ள வாடா."

"இல்லக்கா, போவணும்."

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வழியில் யார் கையாலும் எதுவும் வாங்கக் கூடாது, வாங்கினால் பந்தயத்திலிருந்து விலக்கு என்பது விதி. மணவாளன் கையெடுத்து மறுத்துவிட்டு, குனிந்து செயினை மாட்டினான்.

பட்டம்மாள் கையிலிருந்த சொம்பு விழுந்தது.

இந்தப் பக்கத்தில் சாவு சொல்ல வருகிறவன் வீட்டுக்குள் வரமாட்டான், தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டான், வாசலில் நின்றே சேதி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவான். போதாததற்கு இவன் தலை முழுகியவன் மாதிரி வேறு சொட்டிக்கொண்டு நின்றான்.

"அம்மா போயிட்டாங்களாடா?"

"ஐயோ, அம்மா நல்லா இருக்குது. நான் பந்தயத்துல வந்திருக்கன்க்கா."

"நாப்பது வயசுக்கு மேல எவன்டா பந்தயம் ஓடுவான்? மறைக்காத, சொல்லு."

அவள் கணவர் கோவிந்தசாமி மணவாளன் வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. அம்மா விருத்தாம்பாள் மருமகளோடு கோயிலுக்குப் போயிருந்தது மணவாளனுக்குத் தெரியும். சொன்னான். யாரும் நம்பவில்லை. எதிர்வீட்டு மலர்க்கொடி தலைமுடியை அவிழ்த்து, ஒப்பாரிக்குத் தோதாகத் தொண்டையைச் செருமிக்கொண்டாள். இரண்டு பேர் பறைக்குச் சொல்லக் கிளம்பிவிட்டார்கள்.

மணவாளன் சைக்கிளில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றான். மிதித்தால் பந்தயம் கையில். ஆனால் உயிரோடு இருக்கிற அம்மாவுக்கு ஊர் கூடி அழும்.

"இங்க பாரு மச்சான்," என்றார் கோவிந்தசாமி. "உள்ள மீன் கொழம்பு கொதிக்குது. பெத்தவ செத்திருந்தா எவனும் கவுச்சில கை வைக்கமாட்டான். ஒரு வாய் தின்னுட்டுப் போ, தெரு நம்பிடும்."

மணவாளன் கடற்கரைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். சைக்கிளைச் சாத்தினான். உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தெரு முழுக்க ஜன்னலில் நின்று பார்த்தது. முதல் வாய்க்குப் பட்டம்மாள் அழுகையை நிறுத்தவில்லை. கெளுத்தித் தலையை அவன் உறிஞ்சிய பிறகுதான் மூக்கைத் துடைத்தாள்.

"காரம் ஜாஸ்தியா?"

"சரியா இருக்குதுக்கா."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்க. ஆறு வருஷத்துக்குச் சேத்துத் தின்னு."

வாசலில் மலர்க்கொடி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு, கொண்டையை முடிந்துகொண்டாள்.

வயிறு நிறைய சோறும் குழம்புமாக, ஆறு மாதப் பத்தியத்தை ஒரே உட்காரலில் தீர்த்துவிட்டு, மணவாளன் மறுபடி சைக்கிள் ஏறினான். கடற்கரையில் ஓடத் தொடங்கியபோது கெளுத்தி உள்ளுக்குள் அவனோடு சேர்ந்து நீந்தியது. ஓடினான், நடந்தான், ஏப்பம் விட்டான், மறுபடி ஓடினான். அக்காவும் மாமாவும் டிவிஎஸ் ஃபிஃப்டியில் கரையோரமாகவே வந்தார்கள். பந்தயம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று பட்டம்மாளுக்கு இன்னும் சந்தேகம்.

ஷாமியானாவை அவிழ்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். நேரம் முடியச் சற்று முன், கடைசி ஆளாக, மணவாளன் கோட்டைத் தாண்டி மணலில் விழுந்தான்.

வாட்ச் வைத்திருந்த பையன் மெடலோடு ஓடிவந்தான். "முடிச்சிட்டீங்க சார்."

மணவாளன் மல்லாந்து கிடந்தபடியே வானத்தைப் பார்த்தான். அந்த வார்த்தையை அவனிடம் யாரும் சொன்னதில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட இருந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்தான்.

"வழியில சாப்பிட்டுட்டேன் தம்பி. விதிப்படி எனக்குக் கிடையாது."

"என்னா சார், வாழப்பழமா?"

"மீன் கொழம்பு. சோத்தோட."

பையன் மணவாளன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, பந்தயம் நடத்தும் பெரியவர்களைக் கேட்கப் போனான். பெரியவர்கள் நெடுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு மணவாளன் பெயரை அடித்தார்கள். மெடல் மேஜைமேல் கிடந்தது.

"சும்மாதான கெடக்குது," என்று பட்டம்மாள் அதை எடுத்துக் கணவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

கோவிந்தசாமி அதைக் கழற்றவே இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து, அலையையும் மணலையும் வெயிலையும் தாமே வென்ற மாதிரி விவரிப்பார். வந்திருக்கும் நாட்களில் மணவாளனும் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துக் கேட்பான். நீச்சல் வரும் இடத்தில் மட்டும் லேசாகக் குறுக்கிடுவான்.

"ஆழம் இன்னும் ஜாஸ்தி மாமா."