73939133-ல் ஆறு இலக்கம் ஒட்டிய ராஜவேலு அண்ணன்

ராஜவேலு அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார். சிதம்பரத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருந்தவர். கடலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார்... சரியாகி வந்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்தப் பக்கத்தில் நான் 73939133 பற்றிக் கத்தாத நாள் இல்லை. புதியவர்களுக்காக இன்னொரு தடவை.

அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. கடைசி 3-ஐ எடுத்துவிடுங்கள், மிஞ்சுவதும் பகா எண். இன்னொன்றை எடுங்கள், அதுவும்! 7 மட்டும் நிற்கும்வரை இப்படியே போகும். இந்தக் குணம் உள்ள எண்களில் இதுதான் ஆகப் பெரியது. இதற்கு மேல் கிடையாது... முடிந்தது.

யூடியூபில் இதைப் பார்த்த வாரமே, ஸ்கூட்டியில் ஒட்டியாக வேண்டும் என்று அவர் கடைக்குப் போனேன்.

அண்ணன் எந்த நம்பரையும் ஒட்டும் முன் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பார். எட்டு வந்தால் சனி. அது மட்டும் அவருக்கு ஆகாது.

“முப்பத்தெட்டு... பதினொண்ணு... ரெண்டு. சந்திரன், பரவால்ல. இது இன்னா தங்கச்சி, கேஸ் கனெக்சன் நம்பரா?”

“பகா எண்ணுண்ணே!” போன் கால்குலேட்டரில் ஒவ்வொன்றாக அழித்துக் காட்டினேன்.

“சரி, இத ஒட்னா இன்னா நடக்கும்?”

“ஒண்ணும் நடக்காதுண்ணே.”

“ஒண்ணும் நடக்காததுக்கா கடலூர்லேர்ந்து வண்டி ஓட்டிக்கினு வந்த?”

பேச்சு சுவாரசியத்தில் அளக்காமலே பெரிய எழுத்தில் வெட்டிவிட்டார். ஸ்கூட்டி முன்பக்கத்தில் எல்லா இலக்கமும் அடங்கவில்லை.

“நம்பரு ஜாஸ்தி, எடம் பத்தல. முன்னாடி ஏழ எடுத்துடட்டா?”

“ஐயோ வேணாம்ணே! அப்புறம் பதினொண்ணால வகுபட்டுடும். பின்னாடிலேர்ந்து எடுங்க.”

கடைசி 3-ஐ எடுத்தார். கூட்டினார்.

“முப்பத்தஞ்சு... எட்டு. ஒட்ட மாட்டேன்.”

“அதுவும் பகா எண்தாண்ணே!”

“அது சனி தங்கச்சி. நீ எங்கனா போயி வுழுந்து வாரினா ஒங்க வீட்ல என்னத்தான் கேப்பாங்க.”

இன்னொரு 3-ஐயும் எடுத்தார். 739391.

“முப்பத்திரெண்டு... அஞ்சு. புதன்! உனக்கு ஓகேவா?”

ஓகே என்றேன். பகா எண்தானே. இரண்டு பேருக்கும் சந்தோஷம், வேறு வேறு காரணத்துக்கு.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

“தங்கச்சி, எனக்குப் பதினேழாம் நம்பர் கட்டில் குடுத்துட்டாங்க. ஒண்ணும் ஏழும் எட்டு. தூக்கமே வரல. உன் கணக்குல இது இன்னா?”

“பகா எண்ணுண்ணே.”

“நல்லதா?”

“நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. எதாலயும் ஒடைக்க முடியாது, அவ்ளோதான்.”

“ம்... சரி, வைக்கிறேன்.”

இன்று அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவர் மச்சான்தான் வாசலில் இருந்தார். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்.

“முந்தாநேத்து பத்தாம் நம்பர் கட்டில் காலியாச்சு. ‘கூட்டினா ஒண்ணு, சூரியன், மாத்திக்கலாம் மாமா’ன்னு நாந்தான் சொன்னேன். மாட்டேன்னுட்டாரு. ‘இருக்கட்டும்டா, இது ஒடையாத நம்பராம்’னாரு.”

தலையாட்டினேன்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

அண்ணே... வரேன்.