அரண்மனைக்கு எத்தனை தெரு?

வேல்விழிக்குக் கோபம் வந்தால் பேச்சே மாறிவிடும். முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக செக்கிங் வேலை. வாய் கொங்குத் தமிழுக்குப் பழகி, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். கோபம் தலைக்கேறிவிட்டால் மட்டும் சங்கரன்கோவில் பக்கத்துப் பேச்சு தானாக வந்து நிற்கும். செக்கிங் டேபிளில் இருக்கிற பெண்கள் அதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அந்தத் தீபாவளி லீவில் வேல்விழி குடும்பம் சொந்த ஊருக்குப் போகவில்லை. மகள் ஆஷாவுக்குப் பதினைந்து வயது. மைசூர் அரண்மனையில் விளக்குப் போடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடது கால் சூம்பிப்போனது. ஊன்றுகோலோடு கொஞ்ச தூரம் நடப்பாள். அதற்கு மேல் இடுப்பு வலி எடுத்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் ஊட்டிக்குக் கூட்டிப் போனபோது, பஸ் நின்ற இடத்திலிருந்து பூங்கா வெகு தூரம். "நீ வண்டியிலயே உக்காந்துக்க கண்ணு, சுருக்கா வந்தர்றோம்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் இறங்கிப் போனார்கள். தாயும் மகளும் மூன்று மணி நேரம் காலி பஸ்ஸில் கிடந்தார்கள். அந்த எரிச்சல் வேல்விழிக்கு ஆறவே இல்லை.

அதனால் இந்த முறை ரூமை அவளே தேடினாள். சாப்பாட்டு நேரத்தில் போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொரு லாட்ஜாகக் கூப்பிட்டாள். ஏ.சி. உண்டா, டி.வி. உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை. "உங்க வாசல்ல இருந்து அரண்மனைக்கு எத்தனை தெருங்க? படி ஏறோணுங்களா?" அவ்வளவுதான். கடைசியில் ஒன்று அமைந்தது. இரண்டே தெரு, கீழ்த்தளத்தில் ரூம். பேரைத் தாளில் எழுதி, கம்பெனி ஆட்களுக்கு டூர் புக்கிங் செய்து தரும் கன்னையனிடம் கொடுத்தாள். ஊட்டி டூரும் அவன் ஏற்பாடுதான்.

"இதேதான் வேணுமுங்க தம்பி. புள்ள தூரம் நடக்க மாட்டாளுங்க. வேற எது போட்டாலும் எனக்கு ஆகாதுங்க."

"ஆகட்டுங்க அக்கா. நான் பாத்துக்கறனுங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மைசூரில் இறங்கினார்கள். கன்னையன் அனுப்பிய விலாசம் கணவன் இசக்கிமுத்துவின் போனில் இருந்தது. அவன் அதை ஆட்டோக்காரரிடம் காட்டினான். ஆட்டோ போனது, போனது, ஊர் முடிந்த பிறகும் போனது. கடைசியில் ரிங் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் நின்றது.

"அரண்மனை பக்கந்தான் மேடம்" என்றான் வரவேற்பில் இருந்தவன். "கார்ல இருபது நிமிஷம்."

வேல்விழி அங்கேயே நின்று கன்னையனைக் கூப்பிட்டாள்.

"அதைவிட இது புதுசுங்க அக்கா. நீச்சல் குளமெல்லாம் இருக்குதுங்க. எல்லாரையும் அங்கதானுங்க போடறேன்."

"எழுதிக் குடுத்தேன்லா? படிக்கத் தெரியாதால ஒனக்கு? நடக்க மாட்டாத புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஊட்டியில பஸ்ஸுக்குள்ள அடைச்சுப் போட்டியளே, அது பத்தாதா?"

அங்கிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கன்னையன் போனை வைத்துவிட்டான்.

"விடு. வந்தாச்சு" என்றான் இசக்கிமுத்து. கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். சண்டை என்றாலே ஒதுங்கிப் போகிற மனுஷன். "ஆட்டோ வச்சுப் போய்க்கிடலாம்."

"போனுல இருந்த ஒரு பேரு. அதப் படிச்சுப் பாக்க முடியல உங்களுக்கு" என்றவள், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அவள் எழுதிக் கொடுத்த லாட்ஜில் அதற்குள் இடமில்லை. அடுத்ததில் மூன்றாம் மாடிதான், லிஃப்ட் கிடையாது. அரண்மனையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மார்க்கெட் பின்னால் ஒரு சந்தில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர் இடிக்கிற ஒரு கீழ் ரூம் கிடைத்தது. குழாய் ஒழுகியது. வேல்விழி சாவியை வாங்கினாள்.

ஆஷா கட்டிலில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"நடக்க மாட்டாத புள்ளைன்னு அத்தனை பேரு முன்னாடி எதுக்கும்மா கத்துன?"

"உனக்காகத்தானடி."

"எனக்காகன்னு சொல்லாத. உனக்குக் கோவம், நீ கத்துன. எல்லாரும் என் காலைத்தான் பாத்தாங்க."

வேல்விழிக்கு இவ்வளவு நேரம் யார் யார் மேலோ இருந்த கோபம் இப்போது எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. ஏழு மணிக்கு விளக்குப் பார்க்கக் கிளம்பியபோது வேல்விழி நீட்டிய கையை ஆஷா பிடிக்கவில்லை. ஊன்றுகோலை ஊன்றி முன்னால் நடந்தாள். அரண்மனை முழுக்க ஒரே நொடியில் விளக்கு எரிந்தபோது கூட்டமே கூவியது. ஆஷாவும் கூவினாள்; அம்மா பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் வேல்விழி குளித்துவிட்டு வந்தால் கட்டில் காலி.

"புள்ளைய எங்க?"

"அரண்மனை வரைக்கும் போயிட்டு வாரேன்னா" என்றான் இசக்கிமுத்து.

"தெரியாத ஊருல தனியாவா விட்டிய?" ஈரத் தலையோடு ஓடினாள். அரண்மனை வாசலுக்கு எதிரே ஒரு திண்டில் ஆஷா உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்க வந்து நின்ற அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு ஓடியார? வந்த மாதிரி நானே திரும்பி வருவேன்ல."

திட்டுவதற்கென்று நாக்கு நுனி வரை வந்ததை வேல்விழி விழுங்கினாள். பிறந்ததிலிருந்து மகள் தனியாகப் போன முதல் இடம் இது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆஷா பொரிப் பொட்டலத்தை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தாள்.

லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று கன்னையன் வாசலிலேயே வந்து நின்றான். "கோவிச்சுக்காதீங்க அக்கா. சின்ன விசயமுங்க."

"சின்ன விசயமா? ரெண்டு தெருன்னா அவ தனியாப் போவா. ரிங் ரோடுன்னா நான் தூக்கிட்டுப் போவணும். அது உனக்குச் சின்ன விசயமால?"

கன்னையன் தலையைச் சொறிந்தான். அடுத்த முறை சரியாகப் போட்டுத் தருவதாகச் சொன்னான். வேல்விழி நின்று கேட்கவில்லை. பஞ்ச் அடிக்கிற வரிசையில் போய் நின்றுகொண்டாள்.