பந்தல் கம்பியைத் தொட்ட கை

பிசியோதெரபி, திட்டு வாங்கியே பிழைக்கும் தொழில். தோளையோ முழங்காலையோ ஒரு தடவையாவது எங்களிடம் கொடுத்துவிட்டு அலறியிருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். தேனியில் நான் கடை விரித்த புதிதில், 2004 வாக்கில் நடந்தது இது.

கொடுத்த சாமான்

சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் சுருளிவேல். மனைவி தவமணியம்மாள் கொடுத்த கிட்னியை மதுரை ஆஸ்பத்திரியில் பொருத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. நன்றாக நடமாடியவருக்குத் திடீரென்று கால் மரத்து, கையும் விழுந்துவிட்டது. கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே தாக்கிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். ஊசி போட்டு அதை அடக்கி, இனிமேல் பயிற்சிதான் என்று என்னிடம் அனுப்பினார்கள். கொடியை நறுக்கிவிடும் கவாத்துக்குள் எழுந்து நிற்காவிட்டால் தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவதாகப் பேச்சு.

மனிதர் வெறுத்துப்போனார். எல்லாம் மாத்திரையால் வந்த வினை என்று, கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் மாத்திரையையே தலையணைக்கடியில் ஒளித்துவிட்டார். நான் பதறிப்போய் மதுரைக்குப் போன் போட எழுந்தேன். தவமணியம்மாள் மாத்திரையை அவர் வாயருகே நீட்டினார்: “நான் குடுத்த சாமான் ஒழுங்கா வேலை பாக்குது. ஒங்க காலு மக்கர் பண்ணுறதுக்கு அதை ஏன் பட்டினி போடுறீக?”

பத்துக்கு நூறு

காலைப் பத்துத் தடவை தூக்குங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மறுவாரம் போனால் பழைய உயரம்கூட வரவில்லை. விசாரித்தால், தினமும் நூறு! ஆறிவரும் நரம்பை விரட்டி வேலை வாங்கினால் படுத்துவிடும் என்று கத்தினேன். முன்னாலேயே எச்சரிக்காத என்மேல்தான் எனக்குக் கோபம். அவர் சாவதானமாகச் சொன்னார்: “பத்துக்கே இம்புட்டு வெளைஞ்சா, நூத்துக்கு எம்புட்டு வெளையும்னு பாத்தேன் தம்பி.”

கவாத்துக்காரன்

அதோடு, கைப்பயிற்சிக்குக் கொடுத்திருந்த என் ரப்பர் பந்தை மூட்டை கட்டினேன். நாற்காலியோடு அவரைத் தோட்டத்துக்கே தூக்கிப்போனோம். தலைக்கு மேலே பந்தல் கம்பி. அதைத் தொடுவதுதான் பயிற்சி. பத்தே தடவை, தவமணியம்மாள் எண்ணுவார். முதலில் விரல் மூக்குவரை வந்தது. இரண்டு மாதத்தில் நெற்றியைத் தாண்டியது. அப்புறம் கல்தூணைப் பிடித்து எழுந்தார்.

கவாத்து சமயம் குத்தகை பேச ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். சுருளிவேல் தூணை விட்டார். கால் நடுங்கியது; விழவில்லை. கத்தரியை வாங்கி, கம்பியை எட்டி, ஒரு கொடியை நறுக்கினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அவர் வந்தவரிடம் சொன்னார்: “தோட்டம் பாக்க வந்தீகளா? நல்லாப் பாத்துட்டு, அங்கன மோர் இருக்கு, குடிச்சிட்டுக் கெளம்புங்க. கவாத்துக்காரன் வந்துட்டான்.”

இந்தத் தொழிலில் எனக்கு இதுவரை கிடைத்த பெரிய விருது, அந்த அறுவடையில் வந்த ஒரு கூடை பன்னீர் திராட்சைதான். அதிலும் பத்தே கொத்து, தவமணியம்மாள் எண்ணி வைத்தது.