ஏழு நிமிடத்துக்கு நூற்றுக்கு முப்பது

நெவில் ஆக்ராய்ட் என் முதலாளி. இருந்தாலும் அவன் என்றுதான் சொல்வேன். பதினாறு வருடமாக அவன் கொட்டகையில் பெட்டி கட்டுகிறேன். அவன் ஒரு பெட்டியையாவது கட்டி நான் பார்த்ததில்லை. மரியாதை தானாக வர வேண்டும், எனக்கு வரவில்லை. அவன் மனைவி லினெட்டை அவர் என்பேன்.

இங்கிலாந்தில் இந்தக் கீத்லி ஊரில் எங்கள் கொட்டகையைத் தெரியாதவர் இல்லை. குப்பைத் தொட்டிக்கு வார் தைக்கிற இடம். மேட்டிலிருந்து காற்று அடித்தால் தெருத் தொட்டிகள் எல்லாம் சாய்ந்து, மூடி திறந்து, நம் வீட்டு மீன் எலும்பு பக்கத்து வீட்டு ரோஜாச் செடியில் கிடக்கும். சரி, மூடியைக் கயிற்றால் கட்டிவைக்கலாம் என்றால் குப்பை லாரிக்காரர் அவிழ்க்க மாட்டார். அவிழ்ப்பது அவர் வேலை இல்லையாம். தொட்டியை நிரம்பியபடியே விட்டுவிட்டுப் போவார், அடுத்து வர இரண்டு வாரம் ஆகும்.

லினெட் ஒரு பழைய காரின் இருக்கைப் பட்டையை வெட்டி, கொக்கி வைத்து, தையல் மெஷினில் ஓட்டி ஒரு வார் செய்தார். காற்றடித்தால் பிடித்துக்கொள்ளும். லாரி தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் தானே விட்டுவிடும். பதினோரு தடவை செய்து, பதினோரு தடவையும் சரியாக வராமல், பன்னிரண்டாவதில் வந்தது. அந்தப் பதினோரு தடவையும் நெவில் சோபாவில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாவதை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்குப் போனது மட்டும் அவன். தொழில் செய்கிறவர்கள் ஐந்து பணக்காரர்கள் முன்னால் நின்று, என் கடையில் முதல் போடுங்கள் என்று பல்லிளிக்கிற நிகழ்ச்சி அது. லினெட் வீட்டில் தைத்துக்கொண்டிருந்தார். பணக்காரர்களில் ஒருவரான ஹியூகோ பெல்லமி, நூற்றுக்கு முப்பது பங்கு கொடுத்தால் ஐம்பதாயிரம் பவுண்டு போடுகிறேன் என்றார். நெவில் கண் கலங்கி, எழுந்து போய்க் கை குலுக்கினான். நாடே பார்த்தது. வார் கேட்டு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது.

பணம் மட்டும் வரவில்லை. கேமராவுக்கு முன்னால் குலுக்கிய கைக்குப் பின்னால் வக்கீல்கள் இருக்கிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஹியூகோவின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்கள், கொடுத்த டீயைக் குடிக்காமல் போனார்கள். மூன்று மாதம் கழித்து, மேற்கொண்டு தொடர விருப்பமில்லை என்று நாலு வரிக் கடிதம். அவ்வளவுதான் அந்த முதலீடு.

ஆனால் நெவிலுக்கு அது போதுமாக இருந்தது. இருபது வருடமாக, எந்தக் கண்காட்சிக்குப் போனாலும், எந்த மதுக்கடையில் உட்கார்ந்தாலும், "என் பங்குதாரர் ஹியூகோ" என்றுதான் ஆரம்பிப்பான். அங்கே ஹியூகோவும் சளைத்தவர் இல்லை. தான் கைதூக்கிவிட்டு இன்றும் நிலைத்து நிற்கிற நிறுவனங்கள் என்று ஊர் ஊராகப் பேசுகிற பட்டியலில் எங்கள் வாரையும் சேர்த்துக்கொண்டார். ஒருவன் புளுகுக்கு இன்னொருவன் முட்டுக்கொடுத்தான். நடுவில் லினெட் தைத்தார், நாங்கள் கட்டினோம், தொழில் நின்றது.

போன இலையுதிர் காலத்தில் அந்த நிகழ்ச்சிக்காரர்கள் ஃபோன் செய்தார்கள். முதலீடு கிடைத்து இருபது வருடம் தாக்குப்பிடித்த தொழில்களைப் பற்றிச் சிறப்பு நிகழ்ச்சி. ஹியூகோவே கொட்டகைக்கு வருவார். ஒரே ஒரு சிக்கல்: முதலீடு உண்மையிலேயே நடந்ததற்குச் சேனலின் வக்கீல்கள் சான்று கேட்கிறார்கள். ஹியூகோவின் அலுவலகம் உடனே ஒரு காகிதம் அனுப்பியது. அன்று வாக்குக் கொடுத்தபடி நூற்றுக்கு முப்பது பங்கை அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். விலை, ஒரு பவுண்டு.

டீ நேரத்தில் நெவில் அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி நீட்டினான்.

"ஏழு நிமிஷம், லினெட். முழுசா ஏழு நிமிஷம் நம்மளக் காட்டுறாங்களாம்."

"காட்டட்டும். அதுக்கு எதுக்கு மூணுல ஒரு பங்கு?"

"ஒரு கையெழுத்துதானே?"

"அந்தாளு இங்க ஒரு ஆணி அடிச்சானா? இருபது வருஷத்துல ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து போட்டானா? ஒரு பவுண்டுக்கு உனக்கு இந்தத் தெருவுல டீ கூடக் கெடைக்காதுய்யா."

"அவரு பேராலதானே இத்தன நாள் ஓடுச்சு!"

என் வாய் சும்மா இருக்காது. "பேரால ஓடல நெவில். மெஷினால ஓடுச்சு. வேணும்னா ஒரு நாள் உக்காந்து மிதிச்சுப் பாரு" என்றேன்.

"ஒன்ன யாரு கேட்டா? ஒனக்கு இந்த பிசினஸ் எல்லாம் வெளங்காது" என்றான். கொக்கி எந்தப் பக்கம் பார்த்து வர வேண்டும் என்று இன்றுவரை தெரியாதவன் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறான்.

நிறுவனம் இருவர் பேரிலும் பாதிப் பாதி. லினெட் கோப்பையைக் கீழே வைத்தார். "என் பாதியில கைய வெக்காத. ஒன் பாதிய என்ன வேணா பண்ணு. ஆனா பண்ணாத நெவில். நான் கேட்டுக்கறேன், பண்ணாத."

முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவர் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வார் போனாலும் அவர் வேறு ஏதாவது தைத்துப் பிழைப்பார். தன் உழைப்பைவிட அந்த ஏழு நிமிடம் இவனுக்குப் பெரிதா, அதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. நெவில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, "பாக்கலாம்" என்றான்.

படப்பிடிப்பு நாளன்று லீட்ஸ் நகரில் வாங்கிய நீலக் கோட்டில் வந்து நின்றான். தலைக்குச் சாயம் வேறு. பின்னணியில் ஒரு குப்பை லாரி வேண்டும் என்று இயக்குநர் பெண் கேட்டிருந்ததால் எங்கள் தெரு லாரி ஓட்டுநர் டாரன் கிளெக் முற்றத்தில் வண்டியை நிறுத்தி, தொட்டிப் பக்கத்தில் மஞ்சள் சட்டையோடு நின்றார். ஆள் வாட்டசாட்டமானவர், நல்ல முகம்.

கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹியூகோவின் கார் வந்தது. இறங்கினார். இரண்டு கையையும் விரித்தார். நெவில் ஓர் அடி முன்னால் வைத்தான். ஹியூகோ அவனைத் தாண்டி நேரே போய் டாரனின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"நெவில்! அப்படியே இருக்கீங்களே! இருபது வருஷம் ஆச்சுன்னு யாரு சொல்லுவா!"

டாரன் பாவம், சிரித்தபடி கையைக் கொடுத்துக்கொண்டே நின்றார். பிறகுதான், "சார், நான் குப்ப லாரி ஓட்றவன். இவர்தான் நீங்க தேட்ற ஆளு" என்றார்.

கொட்டகை வாசலில் நின்ற நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். இயக்குநர் பெண், பரவாயில்லை, இன்னொரு தடவை எடுக்கலாம் என்றாள். இந்தத் தடவை ஹியூகோ சரியான கையைக் குலுக்கினார், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குலுக்கினார்.

அப்புறம் காகிதம். பெட்டி கட்டும் மேசையில் விரித்து, வக்கீல் பெண் எங்கே எழுத வேண்டும் என்று விரலால் காட்டினாள். மெஷின் சத்தம் நின்றுவிட்டது.

"நெவில், அந்தாளுக்கு ஒன் மூஞ்சியே தெரியல. இப்பவாவது விட்டுடு" என்றார் லினெட்.

"அவரு எவ்ளோ பேரப் பாக்கறாரு, அவரப் போய்..." என்று வழிந்தான். அவமானப்பட்டவனே அவமானப்படுத்தியவனுக்காகப் பரிந்து பேசினான். கேமரா சரியாக இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெரிதாகக் கையெழுத்துப் போட்டான்.

லினெட் வக்கீல் பெண்ணிடம் கேட்டார்: "முப்பதும் அவரு பாதியிலேர்ந்துதானே?"

"ஆமாங்க. உங்க அம்பது அப்படியே இருக்கு. அவருக்கு இனிமே இருவது."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் துணிமணிகளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு மேலே இருக்கிற அறைக்கு வந்துவிட்டார். கட்டிலை மேலே ஏற்ற ஒரு முனையை நான் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு. நெவில் தெருவையே மதுக்கடைக்குக் கூப்பிட்டு எல்லோருக்கும் பியர் வாங்கினான். ஒரு ஐஸ்கிரீம் கம்பெனி வந்தது, ஒரு நாய்ச் சோப்பு வந்தது, பிறகு எங்கள் முற்றம் வந்தது. ஏழு நிமிடம் இல்லை, பத்தொன்பது விநாடி. ஹியூகோ காரிலிருந்து இறங்கி, கையை விரித்து, ஓடிவந்து டாரனைப் பிடித்துக் குலுக்குகிறார். முதல் தடவை எடுத்ததுதான் பாசமாக இருந்ததாம், அதையே போட்டுவிட்டார்கள். டாரனின் சிரித்த முகத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்: நெவில் ஆக்ராய்ட், நிறுவனர். அடுத்து ஒரு மெழுகுவத்திக் கம்பெனி.

கடை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். டாரனின் பெண்டாட்டி, "ஏங்க, எங்கிட்ட சொல்லவே இல்லியே!" என்று அவர் முதுகில் அடித்தாள். நெவில் கண்ணாடிக் குவளையைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை கொட்டகை ஃபோனை எடுத்துச் சேனலுக்குக் கத்தினான். "அது நான் இல்லம்மா! நான்தான் நெவில்! மறு ஒளிபரப்புல மாத்துங்க!"

ஒலிபெருக்கியில் போட்டிருந்தான், எங்கள் காதிலும் விழட்டும் என்று. அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண்ணின் குரல், மரியாதையாகத்தான் வந்தது.

"மாத்த முடியாது சார். ஒளிபரப்பறதுக்கு முன்னாடியே உங்க பங்குதாரர்கிட்ட காட்டிட்டோம். ரொம்ப நல்லா இருக்கு, அப்படியே போடுங்கன்னு அவருதான் சொன்னாரு."