சிரட்டை இறுகும் வரை

எங்கள் மச்சான் றஊபைப் பற்றி ஊரில் இரண்டு கதை உண்டு. கல்முனைக்குடிக் கடற்கரையில் ஆரம்பத்திலேயே பைபர் தோணி செய்யத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர் என்பது ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்கு முன்னால் சத்தியம் செய்து ஒரு தமிழ் ஆளைக் காப்பாற்றினார் என்பது மற்றது. முதல் கதை சரி. இரண்டாவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். நான் அங்கே நின்றவன்.

றஊப் என் மூத்த சகோதரி றம்ஸியா ராத்தாவின் மாப்பிள்ளை. கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் மரத்தோணி கட்டும் ஓடாவி. எழுபத்தெட்டில் அடித்த சூறாவளி கரையில் இருந்த தோணிகளையெல்லாம் விறகாக்கிவிட்டுப் போனது. மரமும் கிடைக்கவில்லை. மனிசன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கொழும்புப் பக்கம் போய், ஒரு தோணிப் பட்டறையில் கூலிக்கு நின்று, பைபர் வேலையைப் படித்துக்கொண்டு திரும்பி வந்தார். கை கெட்டி, வாய் அதைவிடக் கெட்டி. அவருடைய வாடியில், அந்த ஓலைக் கொட்டிலுக்குள், ஒரு தூரிகை இடம் மாறிக் கிடந்தாலும் கடலுக்குக் கேட்கிற மாதிரி ஏசுவார்.

வேலை இதுதான். தோணியின் அச்சுக்குள் கண்ணாடி நாரால் செய்த விரிப்பை விரித்து, அதன் மேல் றெசினைப் பூசி ஊற வைக்க வேண்டும். றெசின் பார்வைக்குத் தேன் போல இருக்கும், தன்பாட்டில் மாதக்கணக்காகக் கிடக்கும். அதை இறுக வைக்க இரண்டு மருந்து வேண்டும். முதலில் ஊதா நிறத்தில் கோபால்ட். அது நன்றாகக் கலந்த பிறகு ஹாட்னர். இரண்டையும் றெசின் இல்லாமல் நேரே கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும் என்பதால் ஒரு போத்தல் வாடியின் இந்தத் தலைப்பில், மற்றது அந்தத் தலைப்பில் இருக்கும். எந்த வெயிலுக்கு எவ்வளவு போடுவது என்பது மட்டும் றஊபுக்குப் பிடிபடவில்லை. சில நாள் தூரிகையை எடுக்குமுன்பே வாளிக்குள் கல்லாகிவிடும். சில நாள் மறுநாள் விடியச் சுபஹுத் தொழுகை நேரத்துக்குப் போய்த் தொட்டாலும் கை ஒட்டும்.

அதைப் பிடிபட வைத்தவர் டெஸ்மன்ட். கல்முனை மெதடிஸ்த குடும்பத்து ஆள். கொழும்பில் ஒரு பெயின்ற் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் இருந்தவர். எண்பத்துமூன்றில் அங்கே தமிழரைத் தாக்கியபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பும்போது கொண்டுவந்தது உடுத்த உடுப்பும் ஒரு கல்குலேற்றரும்தான். அது சும்மா கூட்டிக் கழிக்கிற சாமான் அல்ல. கணக்கின் வழியை ஒருமுறை அதற்குள் பதிந்துவிட்டால், வெக்கை எவ்வளவு, கோபால்ட் எவ்வளவு, ஹாட்னர் எவ்வளவு என்று தட்டத் தட்ட, எத்தனை நிமிஷத்தில் இறுகும் என்று அது சொல்லும். மீன் வாங்கக் கடற்கரைக்கு வந்தவர், வாளிக்குள் கல்லாகிக் கிடந்த றெசினைக் கண்டு நின்றார். பிறகு மீனை மறந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் கூட்டு.

"ஹாட்னர் உடைஞ்சாத்தான் மச்சான், றெசின் ஒண்டோட ஒண்டு சங்கிலி மாதிரிக் கோக்கும்," என்று டெஸ்மன்ட் விளக்குவார். "அத உடைக்கிறது கோபால்ட். ஆனா அது அந்தச் சங்கிலியில சேராது. ஒரு ஹாட்னர உடைச்சிப்போட்டு, தான் பழையபடி இருந்துகொண்டு அடுத்ததுக்குப் போகும். அதுதான் துளி கூடினாலும் ஆபத்து."

எங்கள் ஊரிலும் அப்படிப்பட்ட ஆட்கள் நிறைய உண்டு என்று நான் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போது அது பகிடியாகத்தான் இருந்தது.

அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. வெள்ளிக்கிழமை றஊப் ஜும்ஆவுக்குப் போகும்போது வாடியை டெஸ்மன்ட் பார்ப்பார். ஞாயிறு காலை டெஸ்மன்ட் மெதடிஸ்த கோயிலுக்குப் போகும்போது றஊப் பார்ப்பார். ஒருநாளும் வேலை நின்றதில்லை. மருந்து போடுவதிலும் ஒரு சட்டம்: பெரிய பீப்பாவுக்குள் ஒன்றும் கலக்கக்கூடாது, வேண்டியதை வாளியில் அள்ளி, வாளிக்குத்தான் மருந்து.

எண்பத்தைந்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் நெருப்பு வைக்கப்பட்டது. யார் வைத்தது என்று இன்றைக்கும் ஆளுக்கொரு கதை. அது அடங்கிய பிறகும் தமிழர் எங்கள் தெருவால் வருவதில்லை, நாங்கள் அவர்களுடைய தெருவால் போவதில்லை. டெஸ்மன்ட் மட்டும் கடற்கரை மணலால் நடந்து வந்துபோனார். "அவனை ஏன் இன்னும் வெச்சிருக்கிறாய்?" என்று றஊபிடம் கேட்டவர்களுக்குக் கிடைத்த ஏச்சை இங்கே எழுத முடியாது. அந்த அளவில் என் மச்சானைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் காலத்தில்தான் மீராசா முதலாளி ஒரு தோணிக்குச் சொன்னார். கரைவலைக்காரர், நல்ல மனிசன். ஆனால் கலவரத்தில் அவருடைய தம்பியின் கடையை எரித்திருந்தார்கள். அதிலிருந்து தமிழர் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் கறுக்கும். தோணி நீல நிறத்தில் வேண்டும், மீன் காலம் தொடங்குமுன் வேண்டும் என்றார். டெஸ்மன்ட் கை வைப்பதைப் பற்றி அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பார்த்த பார்வை போதும்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. காலையில் நடந்ததை றஊப் பிறகு ராத்தாவுக்குச் சொல்லி, ராத்தா எனக்குச் சொன்னது. வாடியைத் திறந்தவர் பீப்பாவுக்குள் நீலச் சாயத்தைக் கரைத்தார். கரைக்கும்போது, மத்தியானம் டெஸ்மன்ட் தனிய நின்று பாடுபடப் போகிறாரே என்று ஒரு இரக்கம் வந்ததாம். அவருக்கு ஒரு வேலை குறையட்டும் என்று கோபால்ட்டையும் அளந்து பீப்பாவுக்குள்ளேயே ஊற்றிக் கலக்கிவிட்டார். டெஸ்மன்ட் வந்ததும் சொல்ல நினைத்திருந்தார். டெஸ்மன்ட் வந்த நேரம் பார்த்து மீராசாவும் வந்து, தோணியின் பின்பக்கம் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று பிடித்துக்கொண்டார். அந்த வாக்குவாதம் முடியப் பள்ளியில் பாங்கு சொல்லிவிட்டார்கள். றஊப் குளிக்க ஓடினார்.

டெஸ்மன்ட் வழக்கம் போல வாளியில் அள்ளினார். நீலத்துக்குள் ஊதா எங்கே தெரியும்? தன் பங்குக் கோபால்ட்டைப் போட்டார், கலக்கினார், ஹாட்னரைப் போட்டார், தோணியில் பூசத் தொடங்கினார்.

நாங்கள் தொழுது முடித்து வெளியே வரும்போது கடற்கரைப் பக்கம் புகை தெரிந்தது. றஊபின் வாடி என்று யாரோ சொன்னார்கள். பள்ளியிலிருந்து வந்த கூட்டம் அப்படியே கிழக்கே திரும்பியது. வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சேட்டுமாக நூற்றுக்கணக்கானோர் ஓடினால் அது தீயணைக்க ஓடுகிற மாதிரித் தெரியாது. எனக்கே பயம் வந்தது.

வாடி எரியவில்லை. வாசலுக்கு வெளியே மணலில் ஒரு வாளி உருகிச் சாய்ந்து, கண்ணைக் கரிக்கிற புகையை விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே அச்சுக்குள் தோணி சூட்டில் நெளிந்து வெடித்துக் கிடந்தது. ஒரு பக்கம் முழுக்க வெடிப்பு. டெஸ்மன்ட் அச்சின் பக்கத்தில் நின்றார். கொதிக்கிற வாளியை ஓலைக் கூரைக்குக் கீழிருந்து வெறுங்கையால் இழுத்து வெளியே போட்டிருக்கிறார். இரண்டு உள்ளங்கையும் தோல் கழன்று தொங்கின. அதை யாரும் பார்க்கவில்லை. தோணியைத்தான் பார்த்தார்கள்.

மீராசா நேரே போய் டெஸ்மன்ட்டின் சேட்டைக் கழுத்தோடு பிடித்தார். பட்டன்கள் தெறித்தன.

"நாங்க பள்ளிக்குப் போற நேரம் பாத்து இந்த வேலையச் செஞ்சிருக்கிறாய், என்ன?"

பின்னால் ஒரு குரல், "கடைய எரிச்சாங்க, இப்ப தோணி," என்றது. இன்னொரு குரல், "இவன உள்ள விட்ட றஊபச் சொல்லணும்," என்றது. சொன்னவர்கள் யாரும் முன்னால் வரவில்லை, கையை நீட்டவில்லை. சொல்லிவிட்டுச் சும்மா நின்றார்கள். டெஸ்மன்ட் சொன்ன கோபால்ட் இதுதான் என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது.

றஊப் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். டெஸ்மன்ட் அவரைப் பார்த்து, மெல்லமாகக் கேட்டார்.

"மச்சான், பீப்பாக்குள்ள ஏதும் போட்டீங்களா?"

றஊபின் முகம் வெளிறிப்போனதை நான் கண்டேன்.   ஓம் என்று ஒரு சொல் போதும். ஆனால் சுற்றிவர நின்ற முகங்களைப் பார்த்தார், மீராசாவின் கையைப் பார்த்தார், பிறகு மணலைப் பார்த்தார்.

 டெஸ்மன்ட் மீராசாவிடம் திரும்பினார்.

"முதலாளி, கோபால்ட் இல்லாட்டி இந்த றெசின் ஹாட்னர் போட்டாலும் பொழுது படுமட்டும் இறுகாது. நான் வாளிக்குத்தான் மருந்து போட்டது. பீப்பாக்குள்ள இரிக்கிறத ஒரு சிரட்டையில எடுத்து, ஹாட்னர் மட்டும் விட்டுப் பாருங்க. இறுகாட்டி நான்தான் மருந்தக் கூட்டிப் போட்டு உங்கட தோணியக் கெடுத்தவன். என்ன செய்யிறதெண்டாலும் செய்ங்க. இறுகினா, நான் வரமுந்தியே ஆரோ பீப்பாக்குள்ள போட்டிரிக்கி."

ஆரோ என்றார். காலையில் வாடியைத் திறப்பது யார் என்று அவருக்குத் தெரியாதா? பெயர் சொல்லவில்லை.

மீராசா கையை எடுத்தார். தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டெஸ்மன்ட்டின் கை போத்தலைப் பிடிக்கிற நிலையில் இல்லாததால், அவர் அளவு சொல்லச் சொல்ல நான்தான் ஹாட்னரை விட்டேன், ஈர்க்கால் கலக்கினேன். சிரட்டையை ஒரு பலகையில் வைத்துவிட்டு எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்படியொரு நேரத்தை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. கடல் இரைந்துகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். டெஸ்மன்ட் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நின்றார். றஊப் அவருக்கு எதிரே நின்றார். சிரட்டைக்குள் என்ன நடக்கப் போகிறது என்று அந்தக் கூட்டத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். டெஸ்மன்ட் சிரட்டையைப் பார்க்கவே இல்லை. றஊபையே பார்த்துக்கொண்டிருந்தார். 

மீராசா ஈர்க்கை எடுத்துக் குத்திப் பார்த்தார். உள்ளே போனது. மறுபடி குத்தினார். நூலாக இழுபட்டது. பின்னாலிருந்து முணுமுணுப்பு எழும்பி, கூட்டம் ஓரடி நெருங்கி வந்தது. மூன்றாம் முறை ஈர்க்கு ஒட்டிக்கொண்டு நின்றது. அதைத் தூக்க, சிரட்டையும் சேர்ந்து வந்தது. மீராசா சிரட்டையின் அடியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார், அவ்வளவு சூடு.

அப்போதுதான் றஊப் வாயைத் திறந்தார்.

"நான்தான். காலையில நான்தான் பீப்பாக்குள்ள கோபால்ட் போட்ட. அவருக்குச் சொல்ல மறந்துபோனன்."

"தமிழனக் காப்பாத்தப் பொய் சொல்லாத றஊப்," என்றார் மீராசா.

"வல்லாஹி நான்தான், முதலாளி."

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த வாயால் யாரும் அப்படிப் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார்கள். மீராசா சிரட்டையைப் பலகையில் வைத்தார். டெஸ்மன்ட்டின் கைகளை அப்போதுதான் அவரும் கண்டார். தலையிலிருந்த தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார். கூட்டமும் கலைந்தது. போகும்போதே, "றஊப் ஆம்பிள, எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கொண்டான்," என்று பேசிக்கொண்டு போனார்கள். ஊர்க் கதை அந்த இடத்தில் தொடங்கியதுதான்.

நானும் றஊபும் டெஸ்மன்ட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இரண்டு கையிலும் மருந்து வைத்துத் தடிப்பாகத் துணி சுற்றி விட்டார்கள். போன வழி முழுக்க றஊப் வாய் ஓயவில்லை. கை ஆறும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார், தோணியைத் தானே வெட்டி எடுத்துப் புதிதாகச் செய்வதாகச் சொன்னார், இனி ஒருத்தன் வாய் திறக்கட்டும் பார்ப்போம் என்றார். டெஸ்மன்ட் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

மருந்து கட்டி வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் றஊப் நின்றார்.

"மச்சான், நான்தான் எண்டு சொன்னன்தானே. எல்லாருக்கும் முன்னால வல்லாஹி எண்டு சொன்னன்தானே."

"ஓம், சொன்னீங்க," என்றார் டெஸ்மன்ட். "சிரட்ட இறுகினாப் பிறகு."

அவருடைய குரலில் கோபம் இல்லை. வெக்கைக்கும் மருந்துக்கும் கணக்குச் சொல்கிற அதே குரல்தான். றஊப் தெருவில் அழுதது அன்றைக்குத்தான்.

பஸ் வந்தது. கிழிந்த சேட்டு டெஸ்மன்ட்டின் தோளிலிருந்து வழுகிக்கொண்டிருந்தது. துணி சுற்றிய கையால் அதை இழுத்துப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. றஊப் உதவப் போய்க் கையை நீட்டினார். டெஸ்மன்ட் ஒரு அடி விலகி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்தச் சேட்டக் கொஞ்சம் தூக்கி விடுங்க," என்றார்.