எதற்கும் ஆகாத ஊதாப்பூ

என் வீட்டு வாசலில் ஊதா நிறத்தில் பூக்கிற மரம் ஒன்று வேண்டும் என்று நான் முடிவு செய்தது ரசனையால் அல்ல, கோபத்தால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு "ஒங்களுக்கு நல்ல டேஸ்ட்டுங்க" என்று சொல்லிப் போனவர்கள் நிறைய பேர். அவர்களிடம் நான் எதையும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை. எங்கள் தெருவுக்குத் தினமும் ஒரு பூக்காரம்மா வருவாள். இருபத்திரண்டு வருஷம் என் வீட்டு கேட்டில் நின்று "அக்கா, பூவு" என்று கூப்பிட்டவள். அன்று இரண்டு வீடு முன்னாலேயே குரலை நிறுத்திவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு என் கேட்டைத் தாண்டிப் போய், அடுத்த வீட்டு வாசலில்தான் மறுபடி வாயைத் திறந்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளும் புருஷனை இழந்தவள்தான். கூடை நிறைய மல்லிகை சுமக்கலாம், முழம் போட்டு விற்கலாம், தன் தலையில் ஒரு கண்ணி வைக்க முடியாது. அவள் என்ன செய்வாள் பாவம்.

என் நாத்தனார் மேல் கோபம் உண்டு. வாசலில் நான் வைத்து வளர்த்த ஜாதிமல்லிக் கொடி ஒன்று இருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது அவள் கடப்பாரையை எடுத்து வந்து அதை வேரோடு பெயர்த்தாள். மண்ணோடு சாக்கில் கட்டினாள். "இனிமே ஒங்களுக்கு எதுக்கு மதினி? இங்க பூத்து உதுந்தா பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். நான் கொண்டுபோயி வச்சுக்கிறேன்" என்றாள். என் நல்லதுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் பேசத் தெரியாதவள் அல்ல நான். கன்னிவாடிப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அரிசி மூட்டையில் ஒரு பிடி குறைந்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன். அன்று மட்டும் வார்த்தை வரவில்லை. வாசலில் அந்தக் குழி பல மாதம் அப்படியே கிடந்தது.

குழியைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போவேன். ஒருநாள் அதன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் முடிவு செய்தேன். இந்த இடத்தில் பூ இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது யாரும் தலையில் வைக்காத பூவாக, யாரும் சாமிக்குப் போடாத பூவாக இருக்க வேண்டும். அப்போதுதான் "உனக்கு எதுக்கு" என்று ஒருத்தியும் கேட்க முடியாது.

அப்படிப் பார்த்தால் நிறம் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வந்தது. வெள்ளை முழுக்கத் தலைக்குப் போய்விடும். மஞ்சளும் சிவப்பும் சாமிக்கு. நீலத்தில் சங்குப்பூ, அதையும் அர்ச்சனைக்குப் பறிக்கிறார்கள். மிஞ்சியது ஊதா. ஊதாவில் தலைக்கு ஏறுவது டிசம்பர் பூ, மாலைக்குப் போவது வாடாமல்லி. இரண்டும் செடி. மரத்தில் பூக்கிற ஊதாவை எங்கள் பக்கம் யாரும் சீண்டுவதில்லை. ஆகவே ஊதா மரம்.

அதுவரை எனக்கு ஜகரண்டா ஒன்றுதான் தெரியும். கல்யாணமான புதிதில் கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தது. இலையே இல்லாமல் மரம் முழுக்கப் பூ. செல்போனில் அதன் பூவும் இலையும் தெரிகிற படம் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு தாடிக்கொம்பு ரோட்டில் இருந்த ஒரு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இறகு மாதிரி பொடி இலை உள்ள கன்று ஒன்றை எடுத்து நீட்டினார். "இதுதானா?" என்று கேட்டேன். "அதேதான் மேடம். எல பாருங்க" என்றார். இலை அப்படித்தான் இருந்தது. நம்பி வாங்கி வந்தேன்.

வருஷம் திரும்புவதற்குள் அது பூத்தது. சிவப்பும் மஞ்சளுமாக, மயில்கொன்றை. பொடி இலை உள்ளதெல்லாம் கன்றில் ஒரே சாயல் என்பதும், உற்றுப் பார்த்தால் மயில்கொன்றையின் சிற்றிலை நுனி உருண்டையாகவும் ஜகரண்டாவுக்குக் கூராகவும் இருக்கும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலையிலேயே தட்டோடு வந்துவிட்டார். "ஏத்தா, ரெண்டு கொத்து பறிச்சுக்கிறேன். வெள்ளிக்கெழம சாமிக்கு ஆகும்" என்றார். பறித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் போனபின் அரிவாளை எடுத்து வந்து அடியோடு வெட்டிப்போட்டேன். செடி என்ன பாவம் செய்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

அதன் பிறகு யாரையும் நம்புவதில்லை என்று நானே பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். ஜகரண்டா சமவெளிச் சூட்டில் வளர்ந்தாலும் மலையில் பூக்கிற மாதிரி பூக்காது என்று விவசாயம் படித்த ஆசிரியை ஒருவர் சொன்னார். அது போயிற்று. புங்கைப் பூவில் லேசாக ஊதா உண்டு. ஆனால் அது பூத்ததே கீழே பொரி மாதிரி கொட்டியபிறகுதான் தெரியும். ஊதா மந்தாரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்த இலை, அதைப் பார்த்தால் யாராலும் ஏமாற்ற முடியாது. சீக்கிரம் பூக்கும், சின்ன வாசலுக்கும் அடங்கும். ஆனால் மந்தாரை சிவனுக்கு விசேஷம் என்று அந்த ஆசிரியையே சொல்லிவிட்டார். தட்டோடு வருகிற அக்கா நினைவுக்கு வந்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் அகப்பட்டது பூமருது. தினமும் நான் பஸ்ஸில் போகிற வழியில், ஓர் அரசு அலுவலக வளாகத்துக்குள் நின்றிருந்தது. பத்து வருஷமாக அதைக் கடந்து போயிருக்கிறேன், பார்த்ததில்லை. ஒரு மே மாதம் கிளை நுனியெல்லாம் கொத்துக் கொத்தாக ஊதா நிமிர்ந்து நின்றது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன். இதழ்கள் பெட்டியில் மடித்துக் கசங்கின பட்டுத்துணி போல இருந்தன. வாட்ச்மேன் கீழே கொட்டிக்கிடந்ததைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தப் பூவு எதுக்கு ஆகும்?" என்று கேட்டேன்.

"எதுக்கும் ஆகாதும்மா. பறிச்சா செத்த நேரத்துல வாடிரும், வாசமும் கெடையாது. கூட்டித் தள்றதுக்குள்ள இடுப்பு போயிருது" என்றார்.

எனக்கு அந்த வார்த்தை போதும்.

இந்த முறை ஏமாறக்கூடாது என்று அந்த மரத்தை எல்லாப் பருவத்திலும் போய்ப் பார்த்தேன். பூ இல்லாதபோதும் அதை அடையாளம் தெரிய வேண்டுமே. பட்டை மழமழவென்று கொய்யாவைப் போல உரியும். இலை உள்ளங்கையைவிட நீளம். உதிர்வதற்கு முன்னால் சிவக்கும். பழைய காய்கள் மரத்திலேயே காய்ந்து, ஆறாகப் பிளந்து, மரத்தால் செய்த சின்னப் பூ மாதிரி நிற்கும். ஒரு காயையும் இரண்டு இலைகளையும் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு அதே நர்சரிக்குப் போனேன். கன்றின் இலையோடு வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். நர்சரிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே விலையைக் குறைத்தார்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. பூமருதுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். அதனால் அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "தலைக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாது. ஒண்ணுக்கும் ஆகாத பூவுக்கு இம்புட்டுத் தண்ணியா?" என்பார். மகள் அப்போது கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். போனில் "ஏம்மா, ஒரு முருங்கையாவது வச்சிருக்கலாம்ல" என்றாள். என்ன மரம் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐந்தாவது வருஷம் பூத்தது. முதலில் ஒரே ஒரு கொத்து, பத்து நாளில் எல்லாக் கிளையிலும். காலையில் காபி டம்ளரோடு அதன் கீழே போய் நிற்பேன். தெருவில் போகிற பெண்கள் பார்ப்பார்கள். ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. ஒருத்தியும் பறிக்கக் கேட்கவில்லை. என் வாசலில் பூ இருந்தது, அதன் கீழே நான் இருந்தேன், அதில் யாருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். சந்தோஷம் என்ற சொல்லை நான் அதிகம் பயன்படுத்துகிறவள் இல்லை.

அந்த ஆவணியில் மகளுக்குக் கல்யாணமாயிற்று. ஒட்டன்சத்திரம் பக்கம், காய்கறி மண்டி வைத்திருக்கும் குடும்பம். நல்ல மனிதர்கள்தான். கல்யாண மேடையில் நான் ஓரமாக நின்றேன், என் தம்பியும் அவன் மனைவியும் தாரை வார்த்தார்கள். அதற்கு நான் முன்பே மனசைத் தயார் செய்து வைத்திருந்தேன். மேடை ஊருடையது, நியாயமும் ஊருடையது என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியிலேயே மகள் உண்டானாள். மாப்பிள்ளை வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்ததால் வளைகாப்பை எங்கள் வீட்டிலேயே வைப்பது என்று பேசி முடித்தார்கள். மறுவருஷம் மே மாதம். மரம் போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு பூத்திருந்தது. போட்டோ எடுக்க வந்தவர் பந்தலை ஒருமுறை பார்த்தார், மரத்தை ஒருமுறை பார்த்தார், நாற்காலியைத் தூக்கி மரத்தடியில் போட்டுவிட்டார். எனக்குப் பெருமை பொங்கியது. என் மரத்தடியில் என் மகள் உட்காரப் போகிறாள். அடுப்படியில் ஏழு வகைச் சோறும் கிளறி முடித்துவிட்டு, முகம் கழுவி, நல்ல சேலையாக ஒன்று கட்டிக்கொண்டேன்.

மகள் உள்ளே வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"அம்மா, செத்த நேரம் உள்ளயே இரும்மா. வளையல் போடுறப்ப மட்டும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. அவங்க வீட்டுப் பெரியவங்க எல்லாம் வந்திருக்காங்க. எதாச்சும் நெனைப்பாங்க."

"நீ என்ன நெனைக்கிற?"

அவள் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "நான் என்னம்மா நெனைக்கிறது. புள்ள நல்லபடியா பொறக்கணும்ல" என்றாள்.

நாத்தனார் சொன்னபோது வராத வார்த்தை மகளிடமும் வரவில்லை. "போம்மா, நேரமாகுது" என்று மட்டும் சொன்னேன்.

அடுப்படி ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. சம்பந்தியம்மாள் முதல் வளையலைப் போட்டார். சந்தனம் தடவினார். பிறகு தலைக்கு மேல் தொங்கிய கிளையை இழுத்து, ஒரு கொத்து ஒடித்து, மகளின் ஜடையில் மல்லிகைக்கு மேல் செருகினார். மல்லிகை வெள்ளையில் அந்த ஊதா அப்படி எடுத்துக் காட்டியது. பெண்கள் எல்லாம் "அழகா இருக்குடி" என்றார்கள். ஆளுக்கொரு கிளையை இழுத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா எட்டாத கிளைக்கு ஸ்டூல் போட்டு ஏறினார். கொஞ்ச நேரத்தில் வாசலில் இருந்த சுமங்கலி ஒவ்வொருத்தி தலையிலும் என் பூ. நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னலிலேயே நின்றேன். அவர்கள் யாரும் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. பூ இருந்தது, வைத்துக்கொண்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாருக்கும் ஆகாதது என்று தேடித்தேடிக் கொண்டுவந்து வைத்தேன், அது எல்லோருக்கும் ஆயிற்று, எனக்கு மட்டும் ஆகவில்லை.

சாப்பிட்டு எல்லோரும் வேன் ஏறிய பின் மகள் கூப்பிட்டாள். "இப்ப வாம்மா, எல்லாரும் போயாச்சு. நாம ஒரு போட்டோ எடுத்துக்குவோம்." போய் நின்றேன். அவள் தலையில் இருந்த கொத்து வாடித் தொங்கிவிட்டது. தம்பி மனைவி செல்போனில் எடுத்தாள். சிரிக்கச் சொன்னாள், சிரித்தேன்.

மறுநாள் காலை மகளின் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். மரத்தடியில் அவள், அவள் மாமியார், அவள் நாத்தனார், வந்திருந்த பெண்கள், தனியாக மரம் மட்டும் ஒரு படம். கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். விட்டுப்போயிருக்கும் என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். நான் இல்லை.

போனைக் கீழே வைப்பதற்குள் சம்பந்தியம்மாளே கூப்பிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, நேத்து விசேஷம் ரொம்ப நல்லா இருந்துதுங்க. சாப்பாடு பிரமாதமுங்க. அப்புறமுங்க, அந்த மரத்துப் பேரு என்னங்க? எங்க வாசல்லயும் ஒண்ணு வைக்கலாம்னு இருக்கறமுங்க. எந்த நர்சரில வாங்குனீங்க?"

பட்டை எப்படி உரியும், இலை எப்போது சிவக்கும், காய் எத்தனையாகப் பிளக்கும் என்று எல்லாம் என் நாக்கு நுனிவரை வந்தது.

"பேரெல்லாம் தெரியாதுங்க" என்றேன். "அது தானா மொளச்ச மரமுங்க. யாரும் வச்சதில்ல."